விராலை முடித்த வலன்ரைன்

இலுப்பைக்கடவையில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் பாலையடி என்று ஒரு சின்ன ஊர். அங்கே போய் வலன்ரைன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்த வலன்ரைன்? விராலை முடிச்ச வலன்ரைனோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் வேறு வலன்ரைன் கிடையாது, ஆனாலும் கேட்பார்கள். அந்தப் பட்டத்தை முதலில் மெச்சிச் சொன்னார்கள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். ஒரே ஊர், ஒரே வாய்! இந்த மூன்றுக்கும் நடுவில் அந்த மனிதன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

வலன்ரைன் குளத்து ஆள் அல்ல. மன்னார்த் தீவில் தோட்டவெளியில் பிறந்த கடல்காரன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கடலடியில் மூழ்கிக் கடலட்டைக்குக் குளிக்கிறவன். நல்ல குளிகாரன் என்று பெயர் எடுத்தவன். கடல்காரருக்கு ஒரு புத்தி உண்டு. கடல் என்றைக்கும் முடியாது என்ற புத்தி. கீழே கண்டதை விட்டுவிட்டு மேலே வருகிறவனை வள்ளத்தில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். "நீ விட்டால் பின்னால வாற போட்காரன் அள்ளிக்கொண்டு போவான்" என்று ஏசுவார்கள். வலன்ரைனும் அப்படித்தான் வளர்ந்தான். கண்டால் எடுப்பான், மிச்சம் வைக்கமாட்டான்.

அந்தப் புத்திதான் ஒருநாள் அவனை அடித்துப் போட்டது. சிலிண்டரில் காற்று முடிகிற நேரம், கீழே இன்னும் அட்டை கிடக்கக் கண்டான். விட்டுவிட்டு வர மனம் கேட்கவில்லை. அள்ளினான். பிறகு மூச்சு முட்ட, ஏறக்கூடாத வேகத்தில் மேலே ஏறினான். வள்ளத்தில் குந்தி ஒரு பீடி கேட்டான். பீடி கைக்கு வருமுன் இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரி, மருந்து, எண்ணெய், மடுமாதாவுக்கு நேர்த்தி என்று எல்லாம் செய்து பார்த்தார்கள். வலது கால் சொல்லுக் கேட்கத் தொடங்கியது. இடது கால் கேட்கவேயில்லை. இழுத்து இழுத்துத்தான் நடப்பான். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஒருநாள் அடுப்புத் தணலில் பாதத்தை வைத்துக்கொண்டு, "என்ன கருகிற மணம்?" என்று கேட்டவன் அவன். பிரான்சிஸ்கா, அவனுடைய மனுசி, அன்றைக்கு ஓவென்று அழுதாள்.

அழுது முடித்து அவள்தான் முடிவெடுத்தாள். "இஞ்சேருங்கோ, எங்கட ஊரில ஒரு குளம் கிடக்கு. உங்கட கடல் மாதிரி ஆழம் இல்லை. அங்க போவம்."

"நான் சேத்து மீன் பிடிக்கவோ?" என்றான் வலன்ரைன். கடற்கரை ஆட்களுக்குக் குளத்து மீன் என்றால் மூக்குச் சுளிப்புத்தான். அதை மீன் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள்.

"சேத்து மீன் எண்டாலும் மீன்தான். வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பாலையடிக்குளம் பெரிய குளம் இல்லை. மாரியில் நிரம்பி வழிந்து வான் பாயும், கோடையில் நடுவில் ஒரு பள்ளத்துக்குச் சுருங்கிப்போகும். அதில் மீன்பிடிக்க நன்னீர் மீனவர் சங்கம் ஒன்று இருக்கிறது. சங்கத்தில் பெயர் இல்லாதவன் அங்கே வலை போட முடியாது. சங்கத் தலைவி அன்னப்பிள்ளை. குளத்தில் முதலை இல்லாமல் போனதற்கு அன்னப்பிள்ளையின் வாய்தான் காரணம் என்று ஊரில் பகிடி சொல்வார்கள். அவள் வலன்ரைனை மேலும் கீழும் பார்த்தாள். "நடக்கிறதே பெரும்பாடு, உவர் எங்க மீன் பிடிக்கிறது?" என்றாள். ஆனால் பிரான்சிஸ்கா ஊர்ப்பிள்ளை என்பதால் பெயரைப் பதிந்துவிட்டாள்.

லொறி ரயர் ரியூப்பில் ஒரு பலகையைக் கட்டி, அதில் குந்தி, இரண்டு கையாலும் தண்ணீரை வலித்துக்கொண்டு போவான் வலன்ரைன். கால் இரண்டும் தண்ணீருக்குள் தொங்கும். கரையில் தடி ஊன்றி, ஆளுக்காள் பரிதாபம் பார்க்க நடக்கிற மனிதன், ரியூப்பில் ஏறிவிட்டால் ஒருவருக்கும் சளைத்தவன் இல்லை. அங்கே கால் வேண்டியதில்லை. தோள் இருந்தால் போதும், அது அவனிடம் நிறைய இருந்தது. ஒரு கிழமைக்குள் அவன் முகமே மாறிப்போனது. பிரான்சிஸ்கா குளக்கட்டில் நின்று பார்த்து, அந்தோனியாருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். அந்த மனிதனுக்கு இந்தப் பூமியில் மிஞ்சியிருந்த ஒரே இடம் அந்தத் தண்ணீர்தான்.

அந்தக் குளத்தில்தான் அவன் விராலைக் கண்டான். பார்க்கப் பாம்புத் தலை, வாய் நிறையப் பல்லு, மற்ற மீனை விழுங்கி வாழ்கிற சாதி. ஆனால் விராலுக்கு ஒரு குறை உண்டு. தண்ணீருக்குள் இருந்தாலும் இடைக்கிடை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்தே ஆகவேண்டும். மூச்சுக்காக மேலே வருவது எப்படியென்று வலன்ரைனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒருதரம் வாய் வைத்த இடத்தைப் பார்த்தால், அடுத்த தரம் எங்கே வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் தவளையைக் கோர்த்த தூண்டிலை வைத்துக்கொண்டு இருப்பான். விரால் வரும், மாட்டும்.

இப்படி இருக்கையில் சங்கத்துக்கு ஒரு தலையிடி வந்தது. மீன்பிடிக் கந்தோரிலிருந்து கட்லா, ரோகுக் குஞ்சுகளை ஒவ்வொரு மாரிக்கும் கொண்டுவந்து குளத்தில் விடுவார்கள். அதுகள் வளர்ந்தால்தான் சங்கத்துக்கு வருமானம். விட்ட குஞ்சில் பாதியை விரால் தின்றுவிடுகிறது என்று எல்லோருக்கும் ஒரே புலம்பல். கந்தோரிலிருந்து வரும் உத்தியோகத்தர் சுவேதினி சின்னப் பிள்ளைதான், ஸ்கூட்டியில் வருவாள். அவள் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று தெளிவாகவே சொன்னாள்.

"விராலைக் கொஞ்சம் குறையுங்கோ. முடிக்கச் சொல்லேல்லை, குறைக்கத்தான் சொல்லுறன். திலாப்பியா மீன் கண்டபாட்டுக்குப் பொரிக்கும். அந்தக் குஞ்சைத் தின்னுறதுக்கு விரால் கிடக்கத்தான் வேணும். பெரிய விரால் சிலதை விடுங்கோ."

"ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் காது மந்தமில்லை. கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"எங்கட வலன்ரைன் இருக்கிறான், பாத்துக்கொள்ளுவான்" என்றாள் அன்னப்பிள்ளை. எங்கட வலன்ரைன்! தோட்டவெளியிலிருந்து வந்த நொண்டியை அன்றைக்குத்தான் முதல்முதலாக ஊர் எங்கட என்றது. அந்த ஒரு சொல்லுக்காக அவன் குளத்தையே குடித்திருப்பான்.

அது நாட்டில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற வருஷம். கடலுக்கு வள்ளங்கள் போகவில்லை, மன்னார்ச் சந்தையில் கடல் மீன் இல்லை. மீன் வியாபாரி தாவூது தன் மோட்டச்சைக்கிளில் ஐஸ் போடுகிற ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு எப்படியோ பெற்றோல் தேடிப் பாலையடிக்கு வந்துவிடுவார். குளக்கட்டில் நின்று ஹோர்ன் அடித்தாரென்றால் ஊரே கூடும். "விரால் இருந்தால் எனக்குத்தான். ஒப்பரேஷன் செய்தவைக்குச் சூப்பு வைக்க உயிர் விரால் கேட்டு வீட்டு வாசலில நிக்கினம்" என்பார். வலன்ரைன் பிடித்துப் பிடித்துக் கொடுத்தான். கோடை முற்றிக் குளம் சுருங்கச் சுருங்க, விராலுக்கு ஒளிக்க இடமில்லாமல் போனது. தண்ணீர் வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்துக் கிடக்கும். அதையும் விட்டானில்லை. சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து, கையால் தடவித் தடவித் தோண்டி எடுத்தான்.

சுவேதினி ஒருநாள் வந்து பார்த்துத் திகைத்துப்போனாள். "அண்ணன், போதும். இனி விடுங்கோ."

வலன்ரைன் சிரித்தான். "மிஸ், தண்ணிக்குள்ள கிடக்கிறது மனிசர் பிடிச்சு முடியிற சாமானோ? நீங்கள் பயப்பிடாதைங்கோ. எங்கயாவது கிடக்கும்."

கடல்காரன் கதை அது. கடலில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பாலையடிக்குளத்துக்கு அங்காலே ஒன்றுமில்லை, கட்டும் வயலும்தான். நாலு பக்கமும் கரை தெரிகிற தண்ணீரில் நின்றுகொண்டு அவன் கரையில்லாத தண்ணீரின் கணக்கைப் போட்டான். ஊர்க்காரருக்காவது அது தெரிந்திருக்க வேண்டாமா? அவர்களுக்கு வீட்டுக்கு வீடு விரால் குழம்பு கொதித்தது. வாய் திறப்பார்களா என்ன!

மழை விழுந்து குளம் நிரம்பிய பிறகு ஒரேயொரு விரால் மிஞ்சியது தெரியவந்தது. வயலுக்குத் தண்ணீர் திறக்கிற துருசுக்குப் பக்கத்துப் புல்லுக்குள், பெரியது, குஞ்சுகளோடு நின்றது. சோடி அதற்கு முன்பே யாருடைய தூண்டிலிலோ போயிருக்க வேண்டும். விரால் தன் குஞ்சுகளை விட்டு அசையாது. சிவப்புப் பொட்டுப் பொட்டாகக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதக்கும், கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும். கிட்ட வருவது கொக்கோ, தவளையோ, மனிதனோ, பாய்ந்து கடிக்கும். அதனாலேயே அந்த நேரம் பிடிப்பது லேசு. தூண்டிலைக் குஞ்சுகளுக்கு நடுவில் போட்டால் போதும்.

கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "கடைசி விரால்! விடாதை வலன்ரைன்!" என்று அன்னப்பிள்ளை கத்தினாள். அவன் போட்டான். அது பாய்ந்தது. இழுத்தெடுத்து மடியில் போட்டபோது கரையில் கைதட்டு. ஆனால் குஞ்சுகள் கலையவில்லை. காவலுக்கு ஆளைத் தேடுவது போல அவனுடைய ரியூப்பைச் சுற்றிச் சுற்றி வந்தன. வலன்ரைன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். வெட்கம்தான், வேறென்ன? திரும்பக் கீழே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். கரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விடவில்லை. பின்னேரம் வந்து பார்த்தான். நீர்க்காகங்கள் வந்து போயிருந்தன. குஞ்சு ஒன்றுகூட இல்லை.

விராலை முடிச்ச வலன்ரைன் என்ற பட்டம் அன்றைக்கு வந்ததுதான். தேநீர்க்கடையில் அவனுக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள்.

முதல் வருஷம் கட்லாவும் ரோகுவும் நன்றாகத்தான் வந்தன. அடுத்த வருஷம்தான் குளம் பதில் சொன்னது. வலையை இழுத்தால் வலை நிறையத் திலாப்பியா. ஆகா என்று பார்த்தால் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. தலை பெரிசு, உடம்பு ஒன்றுமில்லை. அந்தக் குட்டிக் குருமனும் வயிற்றில் முட்டையோடு! தின்ன ஆளில்லாமல் பொரித்துப் பொரித்துத் தள்ளியிருக்கிறது. புதிதாக விட்ட குஞ்சுகளுக்குத் தீனி மிஞ்சவில்லை. அதுகளும் வாடி வதங்கிக் கிடந்தன.

தாவூது பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், இது மீனோ, கச்சான் கொட்டையோ?" என்றார். "வலன்ரைன், கோபிக்கக்கூடாது. இதை மன்னாருக்குக் கொண்டுபோனால் எனக்குத்தான் கல்லெறி விழும்."

"போகப் போகப் பெருக்கும், தாவூது நானா."

"பெருக்கட்டும். பெருத்த பிறகு வாறன், இன்ஷா அல்லாஹ்." மோட்டச்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். குளக்கட்டில் ஹோர்ன் சத்தம் கேட்கவில்லை. அந்த மாதமும் இல்லை, அடுத்த மாதமும் இல்லை.

பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். யாராவது ஒருவனைத் தின்னாமல் அந்தக் கூட்டம் கலையாது என்று வலன்ரைனுக்குப் போகும்போதே தெரியும். "கடல்காரனை நம்பிக் குளத்தைக் குடுத்தம். முடிச்சுப்போட்டான்" என்றான் ஒருவன். "சொல்லச் சொல்லக் கேட்டவரோ?" என்றான் இன்னொருவன். குழம்பு தின்ற வாய்கள் எல்லாம் இப்போது நியாயம் பேசின. அன்னப்பிள்ளைகூடக் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு இருந்தாள். அவர்கள் சொன்னதில் பாதி பொய், ஆனால் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையைத்தான் அவனால் உதற முடியவில்லை.

சுவேதினிதான் எழும்பினாள். "பிழை அவரில மட்டும் இல்லை. எல்லாரும்தான் கரையில நிண்டு கைதட்டினீங்கள் எண்டு கேள்விப்பட்டனான். இனிச் செய்யவேண்டியதைப் பாப்பம். வேற குளத்து விராலைக் கொண்டுவந்து விடவேணும். ஒரு மாரி அதுகளை ஒருத்தரும் தொடக்கூடாது. விரால் உயிரோட நிக்குதெண்டு தெரிஞ்ச பிறகுதான் புதுக் குஞ்சு தருவம். இல்லாட்டிக் குடுக்கிறது வீண்."

மண்டபம் வெடித்தது. "விட்ட குஞ்சைத் தின்னுறதை நாங்களே கொண்டுவந்து விடுறதோ? என்ன விசர்க் கதை!"

"நான் கொண்டுவாறன்" என்றான் வலன்ரைன்.

அன்னப்பிள்ளை அப்போதுதான் அவனைப் பார்த்தாள். "கொண்டுவா. கொண்டுவந்து, குளத்தில விரால் நிக்குதெண்டு காட்டு. காட்டினால் உன்ர பேர் சங்கத்தில நிக்கும். அதுவரைக்கும் வலையும் தூண்டிலும் தொடக்கூடாது. காட்டாட்டி..." மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனை வீடுவரை துரத்தியது. பேர் போனால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் தடியும் இழுபடுகிற காலும் மட்டும்தான் மிச்சம்.

மன்னாரில் தாவூதின் வீட்டுக் கொல்லையில் நீலப் பீப்பாய்களுக்குள் உயிர் விரால்கள் கிடந்தன. வேறு வேறு குளங்களிலிருந்து வாங்கி வைத்தவை. வலன்ரைன் கதையைச் சொல்லி முடிக்கும்வரை தாவூது வாயில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். அவருடைய மனுசி பாத்தும்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாவம், நல்ல உருப்படியாப் பாத்துக் குடுங்கோ" என்றாள்.

"அள்ளிக்கொண்டு போ" என்றார் தாவூது. "உங்கட குளத்தில இருந்து நான் எத்தினை விரால் கொண்டுவந்து வித்தனான். இதுகள் அதுகளுக்குப் பதில் எண்டு வைச்சுக்கொள்ளு. ஆனால் ஒண்டு, வாழ்நாளில விராலை வாங்கித்தான் வித்திருக்கிறன், தண்ணியில விடுறதுக்குக் குடுக்கிறது இதுதான் முதல்தரம்."

மோட்டச்சைக்கிளில் பின்னால் காலைப் போட்டு உட்கார வலன்ரைனால் முடியாது. பஸ்ஸில்தான் கொண்டுவந்தான். ஈரச் சாக்கில் சுற்றினால் விரால் சாகாது, மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். சாக்குகளைக் காலடியில் வைத்து, போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு வந்தான். நல்ல வெயில். அவனுக்கும் தொண்டை காய்ந்தது. ஒரு மிடறு குடிக்கவில்லை.

"அண்ணை, சாக்கில என்ன?" என்று கேட்டான் கொண்டக்டர்.

"மரக்கறிதான், கத்தரிக்காய்."

பள்ளமடுவுக்குக் கிட்ட பஸ் ஒரு குழியில் விழுந்தெழும்ப, சாக்கு ஒன்று தானாகத் துள்ளி நடுப்பாதைக்கு வந்தது. முன் சீற்றில் இருந்த மனுசி காலிரண்டையும் தூக்கிச் சீற்றில் வைத்துக்கொண்டு "மாதாவே!" என்று கத்தினாள். "மரக்கறி துள்ளுது அண்ணை!" என்றான் கொண்டக்டர். பஸ் முழுக்கச் சிரிப்பு. பிறகு விலை கேட்கத் தொடங்கினார்கள்.

"விக்கிறதுக்கில்லை. குளத்தில விட."

"விராலைக் குளத்தில விடவோ? உங்களுக்கென்ன, மண்டை பிசகிப்போச்சுதோ?"

வலன்ரைன் குனிந்து சாக்கை இழுத்துத் தன் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டான். ஆளுக்காள் சிரிக்கட்டும். சாக்குக்குள் உயிர் இருக்கிறது, அது போதும்.

விரால் விடுவதைப் பார்க்கச் சங்கத்தில் இரண்டு பேர்தான் வந்தார்கள். சாக்கை அவிழ்த்ததும் விரால்கள் ஒரு உதறு உதறி, கலங்கலுக்குள் போய் மறைந்தன. மாரி வந்தது. குளம் நிரம்பியது. விராலின் அசுமாத்தம் ஒன்றும் தண்ணீரில் தெரியவில்லை.

வலன்ரைன் தினமும் வெறுங்கையோடு ரியூப்பில் ஏறிக் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயாவது ஒரு வாய் மேலே வந்து காற்று எடுக்கிறதா என்று. ஒருநாள் வந்தது போல இருந்தது. இன்னொருநாள் அது வெறும் இலை. ஊர் பேசத் தொடங்கிவிட்டது. "செத்துப்போச்சுதுகள்" என்றார்கள். "எல்லாத்தையும் விட்டதோ, பாதியை வித்ததோ, ஆர் கண்டது?" என்றும் சொன்னார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த அன்று அவன் சோறு தின்னவில்லை.

சங்கக் கூட்டத்துக்கு முதல்நாள் அன்னப்பிள்ளை அவனைத் தேடி வந்தாள். இந்த முறை வாய் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வலன்ரைன், நாளைக்குக் கேப்பினம். நீ தூண்டில் போடு. நான் விடுறன். ஒண்டைப் பிடிச்சுக் காட்டு. காட்டினால் சரி."

"ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது? உனக்கு ஒரு நிமிஷ வேலை."

"அது குஞ்சோட நிக்கிறதாக இருந்தால்? தாயைப் பிடிச்சுக் காட்டினால் பேந்து என்னத்தைக் காட்டுறது?" அவன் குரல் உடைந்தது. "ஒருக்காச் செய்தனான். நீங்களும் பாத்தனீங்கள்."

"அப்ப உன்ர பேர் போகும்."

"போகட்டும்."

அவள் திரும்பிப் போய்விட்டாள். பிரான்சிஸ்கா எல்லாவற்றையும் குசினி வாசலில் நின்று கேட்டாள். "போகட்டும் எண்டு லேசாச் சொல்லிப்போட்டியள். பேந்து வீட்டுக்குள்ள கிடந்து முகட்டைப் பாக்கிறதோ?" என்று கேட்டாள். அவனுக்கும் அதே பயம்தான்.

மறுநாள் காலை, கடைசித் தரமாக இருக்கட்டும் என்று ரியூப்பில் ஏறினான். பிரான்சிஸ்கா குளக்கட்டடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அன்னப்பிள்ளையும் இன்னும் சில பேரும் மரத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வலன்ரைன் துருசுப் பக்கம் போனான். அந்தப் புல்லடியில் சும்மா கையை ஓயவிட்டு மிதந்தான். மனம் எங்கேயோ இருந்தது. தோட்டவெளிக் கடல், அள்ளிய அட்டை, கலையாமல் சுற்றிவந்த குஞ்சுகள், எல்லாம் வந்து வந்து போயின.

"இஞ்சேருங்கோ!" பிரான்சிஸ்காவின் கத்தல் குளம் முழுக்கக் கேட்டது. "தண்ணியைப் பாருங்கோ! இரத்தம்!"

அவன் குனிந்து பார்த்தான். அவனுடைய இடது காலைச் சுற்றித் தண்ணீர் சிவந்து கிடந்தது. காலைக் கையால் தூக்கிப் பலகையில் வைத்தான். பாதத்தின் ஓரத்தில் சதை பிய்ந்து, இரத்தம் வடிந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போது கடித்தது என்றுகூடத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவே வலது காலுக்கு ஒரு பாய்ச்சல் வந்தது. அது நன்றாகவே தெரிந்தது. "ஆ!" என்று கத்திக் காலை இழுத்தபோது, புல் விலகிய இடத்தில் கண்டான். சிவப்புப் பொட்டுப் பொட்டாக, கூட்டமாக, குஞ்சுகள்.

மூச்சுவிடாமல் கையை வலித்து, அந்த இடத்தை விட்டு அகன்று, கரைக்கு வந்தான். எல்லோரும் ஓடிவந்தார்கள். பிரான்சிஸ்கா காலைக் கழுவப் போனாள். "கழுவாதை, கழுவாதை!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, இஞ்ச பாருங்கோ. பல்லைப் பாருங்கோ."

அன்னப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்தினாள். வாழ்நாளெல்லாம் அந்தக் குளத்து மீனை வலையிலிருந்து கழற்றி எடுத்துக் கடிபட்ட கை அவளுடையது. ஒருதரம் பார்த்தாள். இன்னொருதரம் பார்த்தாள்.

"உது விரால்தான்" என்றாள். "குஞ்சோட நிக்குது."

"பிடிச்சுக் காட்டச் சொன்னியள்" என்றான் வலன்ரைன். "அது என்னைப் பிடிச்சுப்போட்டுது."

ஒருவன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அன்னப்பிள்ளை எழும்பி, பழைய வாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு, துருசுப் பக்கம் ஒருத்தரும் காலடி வைக்கக்கூடாது, வலை போட்டவனின் கையை முறிப்பேன் என்று குளம் அதிரக் கத்தினாள். கத்திவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாள். "மிஸ்ஸுக்கு நான் போன் அடிக்கிறன். நீ நாளைக்கு வலைக்கு வா. காலுக்கு என்னத்தையும் போட்டுக்கொண்டு வந்து துலை."

பிரான்சிஸ்கா தன் சீலைத் தலைப்பைக் கிழித்து அவனுடைய இடது பாதத்தில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தவள் கையை நிறுத்தினாள். வலன்ரைனின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது.

"நோகுதோ?"

"இல்லை" என்றான்.

"நோகாத காலுக்கு ஏன் அழுறியள்?" என்று கேட்டுக்கொண்டு அவளும் அழத் தொடங்கினாள்.